மொசார்ட் செம்பதிப்பு: இலவசத் தளமும் கனத்த தொகுதிகளும்

சி மேஜர் சொனாட்டா, கே. 545. பியானோ கற்கிற எல்லாரும் ஒரு நாள் வந்து சேருகிற உருப்படி. நான் அதைக் கற்றது ஒரு மலிவுப் பதிப்பில், பதிப்பித்தவர் யார் என்று அட்டையில்கூடப் போடாத ஒன்றில். முதல் பாரிலேயே (தாளத்தின் ஒரு சுற்றை அடைக்கும் கட்டம்தான் பார்) மென்மையாக என்று ஒரு குறி, கொஞ்சம் தள்ளி ஒலி ஏற வேண்டும் என்று விரியும் கோடு, இரண்டு கையிலும் ஸ்கேல் ஓடுகிற இடமெல்லாம் நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு, அதாவது ஸ்லர், நீளநீளமாக. அத்தனையையும் மொசார்ட் சொன்னது என்றே நம்பி, ஒன்றுவிடாமல் பழகினேன். பல வருஷம் கழித்து சால்ஸ்பர்க் மொசார்டேயும் அறக்கட்டளையின் தளத்தில் அதே சொனாட்டாவைத் திறந்தால், முதல் பகுதி முழுக்க மென்மையாக என்று சொல்லும் பியானோ குறி ஒன்று இல்லை, சத்தமாக என்று சொல்லும் ஃபோர்த்தே ஒன்று இல்லை, ஸ்லர்கள் மிகக் கொஞ்சம். பக்கம் சரியாக ஏறவில்லை போல என்று திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். சரியாகத்தான் ஏறியிருந்தது. மொசார்ட் கைப்பட எழுதிய பிரதி தொலைந்துவிட்டது. அவர் இறந்தது 1791-ல், இந்தச் சொனாட்டா முதலில் அச்சானது 1805-ல். கையில் இருக்கிற ஆதாரத்தில் குறி இல்லை, அதனால் பதிப்பாசிரியர்களும் போடவில்லை. நான் இத்தனை நாள் பழகியது எவரோ பெயர் தெரியாத ஒருவரின் ரசனையை.

அன்றிலிருந்து இந்தப் பதிப்பைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நோய மொசார்ட் அவுஸ்காபே, அதாவது புதிய மொசார்ட் பதிப்பு; மூல ஆதாரங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் போட்ட செம்பதிப்பு. ஜெர்மன் எழுத்துகளில் என்.எம்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இது புதிது என்றால், பழையது எது? லைப்சிக் நகரத்தின் பிரைட்கோப்ஃப் நிறுவனம் 1877 முதல் 1883 வரை பெரும்பகுதியை வெளியிட்டு, அப்புறம் 1910 வரை துணைத்தொகுதிகள் சேர்த்த முழுத்தொகுப்பு. ரெக்வியத்தை, அதாவது இறந்தோருக்கான திருப்பலி இசையை, அதற்காகப் பதிப்பித்துக் கொடுத்தவர் இசையமைப்பாளர் பிராம்ஸ். காப்புரிமை தீர்ந்துபோனதால், இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மொசார்ட் ஸ்கோர்களில் பெரும்பாலானவை அந்தப் பழைய தொகுப்பின் ஸ்கேன்தான். அது மோசமான பதிப்பு இல்லை, அந்தக் காலத்துக்குப் பெரிய வேலை. ஆனால் எது மூலத்தில் இருந்தது, எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்று அதைப் பார்த்து உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. புதிய பதிப்பு பிறந்ததே அந்தக் குறையைத் தீர்க்கத்தான். மொசார்டேயும் அறக்கட்டளை, அவுக்ஸ்பர்க், சால்ஸ்பர்க், வியன்னா நகரங்களோடு சேர்ந்து, காசெல் நகரத்தின் பேரன்ரைட்டர் பதிப்பகம் வழியாக, 1950-களின் நடுவில் தொடங்கியது. 1991-ல், மொசார்ட் இறந்து இருநூறாவது ஆண்டில், முக்கியமான பகுதி முடிந்தது. மொத்தமும் முடிய 2007 ஆனது. அரை நூற்றாண்டுக்கு மேல். முதல் தலைமைப் பதிப்பாசிரியர் எர்ன்ஸ்ட் ஃபிரிட்ஸ் ஷ்மிட் 1960-ல் இறந்துபோக, வோல்ஃப்காங் பிளாத்தும் வோல்ஃப்காங் ரேமும் வேலையை ஏற்று நடத்தினார்கள்.

முதலில் இலவசத் தளம். 2006 டிசம்பரில், மொசார்ட் பிறந்து 250 வருஷம் ஆனதை ஒட்டி, அமெரிக்காவின் பேக்கர்ட் ஹியூமானிட்டீஸ் இன்ஸ்டிட்யூட் என்ற நிறுவனத்தின் பணத்தில் இந்தத் தொகுப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். திறந்த வேகத்தில் குவிந்த கூட்டத்தைத் தளத்தால் தாங்க முடியவில்லை. ஒரு தொகுதியை வாங்கவே நூறு யூரோவைத் தாண்டிச் செலவாகிற சமாசாரம் இது, நூலகத்துக்கு வெளியே ஒரு சாதாரண மனிதர் கண்ணில் படவே வாய்ப்பில்லாதது. அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சொந்தப் படிப்புக்கும் கற்பிப்பதற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூடாது. இதற்காக அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பயன்படுத்துவது எளிதா என்றால், பழகினால் எளிது. தொகுப்பு பத்து வரிசைகளாகப் பிரிந்திருக்கிறது: முதல் வரிசையில் தேவாலய இசை, இரண்டில் ஆப்பராக்கள், நான்கில் சிம்ஃபனி முதலியவை, ஐந்தில் கான்செர்ட்டோக்கள், எட்டில் சேம்பர் இசை, ஒன்பதில் பியானோ. ஆனால் அதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கொஹெல் எண், அதாவது மொசார்ட் படைப்புகளின் பட்டியலில் கே. 545 என்பது போல வருகிற எண், தெரிந்தால் போதும், அதைத் தட்டினால் நேரே அந்தப் படைப்புக்குப் போய்விடலாம். ஸ்கேன் படங்கள் திரையில் படிக்கக் கச்சிதம், அச்செடுத்தால் சுமார். சின்ன எழுத்தில் இருக்கும் குறிகள் மங்கிவிடுகின்றன, அது இந்தப் பதிப்பில் ஏன் பெரிய இழப்பு என்பதற்கு இப்போது வருகிறேன்.

இந்தப் பதிப்பை வாசிக்க ஒரு சின்னப் பாடம் வேண்டும், அது ஒவ்வொரு தொகுதியின் முன்பக்கத்திலும் ஒரு பத்தியாக இருக்கிறது, நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆதாரத்தில் இருந்ததெல்லாம் சாதாரண அச்சு. பதிப்பாசிரியர் சேர்த்ததெல்லாம் வேறு அச்சு. ஒலியின் ஏற்ற இறக்கம் சொல்லும் டைனமிக் எழுத்துகள், டிரில் குறி, சொற்கள் ஆகியவற்றை அவர்கள் சேர்த்திருந்தால் சாய்வெழுத்தில் இருக்கும். நோட்டு, ஷார்ப், ஃபிளாட், ஸ்டக்காட்டோ குறி, ஃபெர்மாட்டா போன்றவற்றைச் சேர்த்திருந்தால் சிறிய அளவில் இருக்கும். ஸ்லரைச் சேர்த்திருந்தால் துண்டுதுண்டான கோடாக இருக்கும். ஒரு நோட்டுக்கு முன்னால் அழகுக்காக வருகிற குட்டி நோட்டைச் சேர்த்திருந்தால் சதுர அடைப்புக்குள் இருக்கும். அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு ஒரு வயலின் கான்செர்ட்டோவின் பக்கத்தைத் திறந்தால், ஒரே பக்கத்தில் இரண்டு பேர் பேசுவது கண்ணுக்குத் தெரியும். முதல் வயலினுக்கு மொசார்ட் முழுக்கோடாக ஸ்லர் போட்டிருக்கிறார், இரண்டாம் வயலினுக்கு அதே சொற்றொடரில் போடாமல் விட்டிருக்கிறார், பதிப்பாசிரியர் அங்கே துண்டுதுண்டான கோடு போட்டு "இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம்" என்கிறார். நினைக்கிறோம் என்பதுதான் முக்கியம். நீங்கள் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். என்னுடைய பழைய மலிவுப் பதிப்பு அந்த உரிமையை எனக்குக் கொடுக்கவே இல்லை.

ஒரே ஒரு நுணுக்கத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். நோட்டைக் குறுக்கி வெட்டி வாசிக்கச் சொல்லி அதன் மேல் வைக்கும் ஸ்டக்காட்டோ குறி. மொசார்ட் இறகுப் பேனாவில் வேகமாக எழுதுகிறவர், சில இடத்தில் அது தெளிவான புள்ளி, சில இடத்தில் செங்குத்தான சிறு கோடு, பல இடத்தில் இரண்டும் இல்லாத ஒரு தீற்றல். பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் புள்ளியாக்கியோ ஆப்பு வடிவமாக்கியோ ஒரே மாதிரி தட்டிச் சமன் செய்துவிட்டன. புள்ளியும் கோடும் அவருக்கு வேறு வேறு அர்த்தமா, அல்லது ஒரே குறியைக் கை போன போக்கில் எழுதினாரா? இந்தப் பதிப்பு தொடங்கிய காலத்தில் ஜெர்மனியின் இசை ஆய்வாளர் சங்கம் இதையே பரிசுக் கேள்வியாக அறிவிக்க, வந்த விடைகளில் ஐந்தைத் தொகுத்து 1957-ல் ஒரு நூலே வெளியானது. ஐந்து பேர் ஒரே விஷயத்துக்கு ஐந்து விடை. கடைசியில் இரண்டையும் பிரித்து அச்சிடுவது என்று முடிவெடுத்தார்கள். அதனால் என்.எம்.ஏ. பக்கத்தில் கோடும் புள்ளியும் தனித்தனியாக வரும். எனக்கு இது வெறும் ஆராய்ச்சி விவகாரம் இல்லை. கோடு இருக்கிற இடத்தில் விரல் கொஞ்சம் அழுத்தமாக இறங்கிச் சட்டென்று எழுகிறது, புள்ளி இருக்கிற இடத்தில் லேசாகத் தொட்டு விலகுகிறது. அந்த வேறுபாட்டை வைத்து வாசித்துப் பார்த்த பிறகு ஒரே மாதிரி வாசிக்க மனம் வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய ஆய்வறிக்கை. நம்மிடம் சுவடியிலிருந்து அச்சேறிய பழைய நூல்களில் அடிக்குறிப்பாகப் பாடபேதம் வருமல்லவா, அதையே தனிப் புத்தகமாகப் போட்டால் எப்படியோ அப்படி. எந்தெந்தக் கைப்பிரதி, எந்தெந்த நகல், எந்த முதல் அச்சு, எந்த நூலகத்தில் இருக்கிறது, எதை எதிலிருந்து எடுத்தார்கள், எந்தப் பாரில் எந்த வாத்தியத்துக்கு எந்த ஆதாரம் என்ன சொல்கிறது என்று வரிவரியாக. படிக்கச் சுவையான பொருள் இல்லை, ஆனால் ஒரு நோட்டில் சந்தேகம் வந்தால் தீர்ப்பது இதுதான். இரண்டு குறை சொல்ல வேண்டும். ஒன்று, ஜெர்மனில் இருக்கிறது. முன்னுரைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தளத்தில் கொடுத்திருக்கிறார்கள், அறிக்கைக்கு அந்த வசதி கிடைக்குமென்று நம்பிப் போகாதீர்கள். நான் சுருக்கெழுத்துகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன். டி (T) என்ற எழுத்து 'பார்' என்பதைக் குறிக்கும், அப்புறம் அதன் எண், அப்புறம் வாத்தியம், அவ்வளவு தெரிந்தாலே பாதி புரிந்துவிடும். இரண்டாவது, பல தொகுதிகளுக்கு அறிக்கை ஸ்கோரோடு வரவில்லை, வருஷக்கணக்கில் தாமதமாகத்தான் வந்தது. ஒரு செம்பதிப்பு தன் ஆதாரத்தைக் காட்டாமல் நின்ற காலம் அது, பழைய விமர்சகர்கள் இதைச் சொல்லித் திட்டியதில் நியாயம் உண்டு.

ஆனால் என்னுடைய பெரிய எச்சரிக்கை வேறு. "செம்பதிப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் இதுதான் இறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தொகுதியைத் திறந்தாலும் முதலில் அது வந்த ஆண்டைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பெர்லின் அரசு நூலகத்தின் கைப்பிரதிகளை சிலேசியா பக்கம் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்து எல்லைகள் மாறிய பிறகு அவற்றில் பெரிய பகுதி போலந்தில், க்ராகோவின் யகியெல்லோனிய நூலகத்தில் போய்ச் சேர்ந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வாளர்கள் கைக்கு அது எட்டவில்லை. 1977-ல்தான் போலந்து சில பிரதிகளைக் கிழக்கு ஜெர்மனியிடம் கொடுத்தது, மந்திரப் புல்லாங்குழல் ஆப்பரா அதில் ஒன்று, என்.எம்.ஏ.வில் அந்த ஆப்பராவின் தொகுதியோ 1970-லேயே வெளிவந்துவிட்டது. ஃபிகரோ ஆப்பரா 1973-ல் வந்தபோது மூன்றாம் நான்காம் அங்கங்களின் கைப்பிரதி பதிப்பாசிரியரிடம் இல்லை, அது இன்றும் க்ராகோவில்தான் இருக்கிறது. அதே நேரம் கோசி ஃபான் தூத்தே என்ற ஆப்பரா 1991-ல் வந்ததால் தப்பித்தது. ஒரே தொகுப்பு, ஒரே கட்டமைப்பு, ஆனால் நம்பகம் தொகுதிக்குத் தொகுதி வேறு.

பியானோ சொனாட்டாக்களின் தொகுதி இன்னும் பாவம். 1986-ல் பிளாத்தும் ரேமும் சேர்ந்து போட்டது. நாலே வருஷத்தில், 1990-ல், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு இறையியல் கல்லூரியின் பெட்டகத்தில் சி மைனர் ஃபேன்டசியும் சொனாட்டாவும், கே. 475, கே. 457, மொசார்ட் கையெழுத்திலேயே கிடைத்தன. 2014-ல் புதாபெஸ்டின் தேசிய நூலகத்தில் ஏ மேஜர் சொனாட்டா, கே. 331-இன் நாலு பக்கம் கிடைத்தது. துருக்கி மார்ச்சில் முடிகிறதே, அந்தச் சொனாட்டாதான். அதுவரை கடைசிப் பக்கம் மட்டுமே தெரியும். அதன் மினுயேட்டில், அதாவது நடன வடிவில் வரும் பகுதியில், மூன்றாவது பாரின் கடைசித் தட்டில் பெரும்பாலான பதிப்புகளில் சி ஷார்ப் இருக்கிறது. புதாபெஸ்ட் தாளில் மேலே ஏ. ஒரு நோட்டுதான். ஆனால் அந்த ஏ போட்டு வாசித்துப் பாருங்கள், சொற்றொடர் கீழே இறங்காமல் உயரத்திலேயே நின்று அடுத்த பாரைப் பார்க்கிறது. எனக்கு அந்த ஏ வந்த நாளிலிருந்து சி ஷார்ப் காதில் ஒட்டவில்லை. இந்தச் சொனாட்டாவுக்கு மட்டும் தளத்தை நம்பாமல் 2014-க்குப் பிறகு வந்த ஒரு பதிப்பை வாங்குங்கள்.

தாளையும் கையெழுத்தையும் வைத்துக் காலம் கணிக்கிற வேலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் தவறு. பிளாத், மொசார்ட்டின் எழுத்து வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறியது என்று க்ளெஃப் வளைவு, நோட்டு வால் வரைக்கும் பார்த்துப் பிரித்தவர். ஆலன் டைசன் என்ற பிரிட்டிஷ்காரர் தாளின் நீர்க்குறியை அளந்து, எந்தத் தாளை எந்தக் காலத்தில் வாங்கியிருப்பார் என்று கணக்கிட்டார். அவருடைய நீர்க்குறிப் பட்டியல் 1992-ல் இந்தத் தொகுப்பின் ஒரு பாகமாகவே வந்தது. ஹார்ன் கான்செர்ட்டோக்களில் "முதலாவது" என்று இன்றைக்கும் அச்சிடுகிற கே. 412, உண்மையில் 1791-ல் எழுதி முடிக்காமல் விட்ட கடைசிக் கான்செர்ட்டோ என்று தெரிந்தது இப்படித் தாளைப் பார்த்துத்தான்.

தொகுப்பில் எனக்குப் பிடித்த இரண்டு இடம். ஒன்று, கிளாரினெட் கான்செர்ட்டோ, கே. 622, 1977-ல் வந்த தொகுதி. ஸ்டாட்லர் என்ற நண்பருக்காக மொசார்ட் எழுதியது, சாதாரண கிளாரினெட்டைவிடக் கீழே இறங்கும் பாசெட் கிளாரினெட்டுக்கு. கைப்பிரதி தொலைந்துவிட்டது, கிடைக்கும் அச்செல்லாம் சாதாரண கிளாரினெட்டுக்கு ஏற்றபடி கீழ் நோட்டுகளை மேலே தூக்கி வைத்தவை. பதிப்பு என்ன செய்திருக்கிறது என்றால், வழக்கமான வடிவத்தையும் கொடுத்து, கீழே இறங்கியிருக்க வேண்டிய இடங்களை ஊகித்துத் திருப்பி அமைத்த வடிவத்தையும் தனியாகக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள், பாட்டு திடீரென்று மேலே தாவுகிற சில விசித்திரமான இடங்களுக்குக் காரணம் அங்கே புரியும்.

இன்னொன்று ரெக்வியம், மொசார்ட் முடிக்காமலே இறந்துபோன படைப்பு. 1965-ல் லெயோபோல்ட் நோவாக் பதிப்பித்தது, இரண்டு பாகம். இரண்டாவது பாகம், அவர் இறந்த பிறகு ஐப்லர், சுஸ்மாயர் என்ற இரண்டு இசையமைப்பாளர்கள் நிரப்பியதோடு சேர்ந்தது, மேடையில் நாம் கேட்பதற்கு நெருக்கமானது. முதல் பாகம் மொசார்ட் எழுதியது மட்டும். அந்த முதல் பாகத்தை ராத்திரி விளக்கில் திருப்பிக்கொண்டு போனபோது எனக்கு மூச்சு நின்றது போல இருந்தது. முதல் பகுதி முழுதாக இருக்கிறது. போகப்போக, பாடகர்களின் நாலு வரியும் கீழே பாஸ் வரியும் அதன் எண்களும் இருக்கின்றன, அங்கங்கே முதல் வயலினுக்கு ஒரு துண்டு, "இப்படித் தொடங்கி இப்படியே போ" என்று வழிகாட்டுகிற அளவுக்கு. மற்ற வரிகள் காலி. லாக்ரிமோசாவில் முதல் இரண்டு பாருக்கு வயலின்களும் வியோலாவும் அந்த விம்மல் மாதிரியான ஓசையைத் தொடங்குகின்றன, மூன்றாவது பாரில் கோரஸ் சேருகிறது, எட்டாவது பாரில் கோரஸ் உச்சிக்கு ஏறுகிற இடத்தில் எழுத்து நின்றுவிடுகிறது. எத்தனை இசைத்தட்டில் கேட்டிருந்தாலும், இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் எது யாருடையது என்று தெரிந்திருக்காது.

சரி, யாருக்கு எது. படிக்கவும் ஒப்பிடவும் தளம் போதும், காசு கொடுத்துப் பெரிய தொகுதியை வாங்காதீர்கள். கனமானது, பியானோ ஸ்டாண்டில் விரித்து வைத்தால் நிற்காது, பக்கம் திருப்ப வசதியான இடத்தில் பக்கம் முடியாது, விரல் எண்கள் ஒன்றுகூட இருக்காது, ஆர்கெஸ்ட்ரா படைப்பு என்றால் தனித்தனி வாத்தியப் பாகங்களும் இருக்காது. வாசிக்க வேண்டுமென்றால் பேரன்ரைட்டரே இதே பாடத்தை வைத்துத் தனித்தனியாகப் போடுகிற மெல்லிய பதிப்புகளை வாங்குங்கள், அட்டையில் புதிய மொசார்ட் பதிப்பின் மூலபாடம் என்று ஜெர்மனில் போட்டிருக்கும். விரல் எண் வேண்டும் என்கிற மாணவருக்கு ஹென்லே பதிப்பகத்தின் பதிப்பு. 2024-ல் லைப்சிக் நகர நூலகத்தில் கிடைத்த சின்ன வயது மொசார்ட்டின் வாத்தியத் துண்டுகள், புதிய கொஹெல் பட்டியலில் கே. 648, அச்சுத் தொகுதிகளில் இருக்க வழியே இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய ஸ்கேன்களைத் தாண்டி, நோட்டுகளையே கணினிக் குறியீடாக மாற்றி, வேண்டிய வாத்தியத்தை மட்டும் திரையில் பார்க்கிற வசதியையும் அதே அறக்கட்டளை சில படைப்புகளுக்குச் செய்துவருகிறது, அது வளர வளர ஸ்கேன் பக்கங்களின் மங்கல் தொல்லை குறையும்.

கே. 545-ஐ இப்போது ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், பதினோரு வயது. காலிப் பக்கத்தைத்தான் கொடுத்தேன். "அங்கிள், எங்க மெதுவா வாசிக்கணும், எங்க சத்தமா வாசிக்கணும்னு இதுல எதுவுமே போடலையே" என்றாள். பென்சிலைக் கையில் கொடுத்து, வாசித்துப் பார்த்து நீயே போடு, ஆனால் பென்சிலில் மட்டும் என்றேன். முதல் பாருக்கு அவள் போட்டது ஃபோர்த்தே.